மாசியில் விதைத்தேன், பூவெல்லாம் கொட்டியது

முதல் வருடம் நான் தக்காளி விதை போட்டது மாசி மாதத்தில். பெரியகுளம் பக்கத்தில் இருக்கும் சித்தி, சாம்பலில் புரட்டி, பழைய காலண்டர் தாளில் மடித்துக் கொடுத்த நாட்டு விதை. கையில் வந்ததும் பொறுக்க முடியவில்லை, மறுநாளே போட்டுவிட்டேன். ஆறாம் நாள் முளைத்தது. நாற்று நன்றாக வந்தது, பையில் நட்டேன், பன்னிரண்டு செடியும் இடுப்பு உயரத்துக்கு எழுந்து நின்றன, சித்திரை பிறந்த வாரத்தில் கொத்துக் கொத்தாக மஞ்சள் பூ. அதற்கப்புறம் தினமும் காலையில் மாடிக்குப் போனால் பூக்கள் காம்போடு முறிந்து தரையில் கிடந்தன. உரம் போதவில்லை என்று நினைத்து உரம் போட்டேன், தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இரண்டு வேளை ஊற்றினேன், பூச்சியோ என்று வேப்பெண்ணெய் அடித்தேன். பன்னிரண்டு செடியில் மொத்தம் ஒன்பது காய் கிடைத்தது.

செடியில் ஒரு குறையும் இல்லை. நான் போட்ட நாள்தான் தப்பு. தக்காளிப் பூவில் மகரந்தம் சரியாக உருவாக வேண்டுமென்றால் இரவு கொஞ்சமாவது குளிர வேண்டும். பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் 25க்குக் கீழே இறங்காத நாட்களில் பூ வரும், ஆனால் பிஞ்சு பிடிக்காது, செடி பூவை உதிர்த்துவிடும். எங்கள் வீடு திருச்சியில். சித்திரை மாத மொட்டை மாடியில் ராத்திரி பத்து மணிக்குக்கூட வெறுங்காலோடு நடக்க முடியாது. அந்த மாடியில் நின்ற செடியிடம் காய் கேட்டிருக்கிறேன்.

சித்தியிடம் போனில் புலம்பியபோது அவர் கேட்டது ஒரே கேள்வி: "எந்தப் பட்டத்துல போட்ட?" எனக்குப் பட்டம் என்று, அதாவது விதைப்பதற்கென்று ஒரு பருவம், இருப்பதே அப்போதுதான் உறைத்தது. நெல்லுக்கும் கடலைக்கும்தான் பட்டம், வீட்டுத் தோட்டத்துக்கு எப்போது வேண்டுமானாலும் போடலாம் என்று நினைத்திருந்தேன்.

சரி, நாட்டுத் தக்காளி என்றால் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். தக்காளி நம் மண்ணின் காயே கிடையாது. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பக்கத்துச் செடி, மெக்சிகோவில் பயிராக்கப்பட்டு, போர்ச்சுகீசியர் வழியாக நமக்கு வந்தது. நம்மிடம் ஏற்கெனவே மணத்தக்காளியும் சொடக்குத் தக்காளியும் இருந்தன, அந்தப் பேரையே வந்த காய்க்கும் கொடுத்துவிட்டோம். ஆக நாட்டு என்று நாம் சொல்வது, இங்கே வந்தபின் பல தலைமுறையாக வீட்டிலும் வயலிலும் பழத்திலிருந்து விதை எடுத்து, அதையே திரும்பப் போட்டு வந்த ரகங்களை. எங்கள் சித்தி விதையில் வரும் பழம் தட்டையாக, பூசணிக்காய் போல வரி வரியாக இருக்கும். காம்புப் பக்கம் கடைசிவரை பச்சை மாறாது. தோல் மெல்லிசு, சாறு அதிகம், நல்ல புளிப்பு. ரசத்துக்குப் புளி பாதி போட்டால் போதும். மூன்றாம் நாளே தளர்ந்துவிடும் என்பதால் லாரியில் ஏறித் தூரப் பயணம் போக முடியாது, கடைக்காரர்களுக்கும் பிடிக்காது.

தேனி மாவட்டத்துக்கும் தக்காளிக்கும் பழைய உறவு உண்டு. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து வந்த பி.கே.எம். 1 ரகம் பலருக்குத் தெரியும். அது அன்னஞ்சி என்ற உள்ளூர் ரகத்திலிருந்து சடுதி மாற்றம் செய்து, அதாவது அதன் மரபணுவை மாறவைத்து, எடுத்தது. அன்னஞ்சி என்பது தேனிக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர். பி.கே.எம். 1 இரண்டு ரகங்களைக் கலந்து எடுக்கும் வீரிய ஒட்டு ரகம் இல்லை, அதனால் அதன் பழத்திலிருந்து எடுத்த விதையைத் தாராளமாகத் திரும்பப் போடலாம், தாயைப் போலவே பிள்ளை வரும். பாட்டி வீட்டு விதை எதுவும் கையில் இல்லாதவர்கள் இதிலிருந்து தொடங்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

நான் ஏமாந்தது இன்னொரு வழியில். சித்தி விதையில் பாதியை முதல் வருடமே தீர்த்துவிட்டதால், காந்தி மார்க்கெட்டில் 'நாட்டுத் தக்காளி' என்று கேட்டு வாங்கி அதிலிருந்து விதை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். பத்துச் செடி. நான்கில் உருண்டைப் பழம், மூன்றில் முட்டை வடிவம், இரண்டில் வெளிறிய சப்பென்ற பழம், ஒன்றில் மட்டும் நான் வாங்கிய பழம் மாதிரி. காய்கறிக்கார அம்மாவிடம் போய்க் கேட்டேன். "நீளமா கெட்டியா இருந்தா பெங்களூர் தக்காளி, உருண்டையா புளிப்பா இருந்தா நாட்டுன்னு சொல்லி விக்கிறோம் கண்ணு, விதை என்னன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். அவர் சொன்னது நியாயம். வடிவத்தை வைத்துத்தான் சந்தையில் பேர். அந்த வடிவத்திலும் ஒட்டு ரகங்கள் உண்டு, அவற்றின் விதையை எடுத்துப் போட்டால் அடுத்த தலைமுறையில் குணங்கள் இப்படிப் பிரிந்துபோகும். அதனால் விதை கொடுப்பவரிடம் 'இது நாட்டா?' என்று கேட்பதைவிட, 'நீங்கள் எத்தனை வருடமாக இதிலிருந்தே விதை எடுத்துப் போடுகிறீர்கள், ஒரே மாதிரி வருகிறதா?' என்று கேளுங்கள்.

இரண்டாம் வருடம் கோடையைத் தவிர்க்கிறேன் என்று ஆவணியில் போட்டேன். புரட்டாசிக் கடைசியில் செடிகள் பச்சைப் பசேலென்று நின்றன. ஐப்பசி அடைமழை பிடித்ததும் கீழ் இலைகளில் வட்ட வட்டமாகப் பழுப்புப் புள்ளி வந்து, அது மேலே ஏறி, பத்து நாளில் பாதி இலை கருகிவிட்டது. பைகள் சிமெண்டுத் தரையில் ஒட்டி உட்கார்ந்திருந்ததால் அடித் துளை வழியாகத் தண்ணீர் வடியவும் இல்லை. பிழைத்த ஐந்து செடியில் மார்கழிக்கு மேல் கொஞ்சம் காய்த்தது. அந்தக் கொஞ்சத்தில்தான் எனக்குக் கணக்குப் புரிந்தது: மார்கழி, தை மாதங்களில் பூத்த பூ ஒன்றுகூட வீணாகவில்லை.

அதற்கப்புறம் நாளைப் பின்னால் எண்ண ஆரம்பித்தேன். எங்கள் ஊரில் டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி நடு வரைக்கும்தான் இரவு இதமாக இருக்கும். பூ அந்த இரண்டு மாதத்தில் வர வேண்டும். விதை போட்டதிலிருந்து முதல் பூவுக்குக் கிட்டத்தட்ட 55 நாள். அப்படியென்றால் விதை போட வேண்டியது அக்டோபர் கடைசி. அடைமழை நாட்களில் அது இன்னும் குட்டி நாற்று, கூரைக்குக் கீழே வைத்துக் காப்பாற்றிவிடலாம். மூன்றாம் வருடம் அக்டோபர் 26 விதைப்பு, நவம்பர் 24 நடவு, டிசம்பர் 20 வாக்கில் முதல் பூ, பிப்ரவரி முதல் வாரத்தில் முதல் பழம். பதினான்கு செடியில் பங்குனி முடிவதற்குள் 19 கிலோ பறித்தேன், ஒவ்வொரு பறிப்பையும் எடை போட்டுக் காலண்டரில் எழுதி வைத்திருக்கிறேன். இதே தேதி எல்லா ஊருக்கும் ஒத்துவராது. கோயம்புத்தூர், ஓசூர் பக்கம் இரவுக் குளிர் கூடுதல் நாள் கிடைக்கும். கடலோர ஊர்களில் மழை டிசம்பரிலும் அடிக்கும், அங்கே நடவை இன்னும் கொஞ்சம் தள்ள வேண்டியிருக்கும். உங்கள் மாடியில் எந்த இரண்டு மாதம் இரவில் போர்வை தேடுகிறீர்களோ, அந்த மாதங்களுக்குப் பூவை வரவையுங்கள்.

நாற்று விடுவதில் நான் பட்டது வேறு கதை. மூன்றாம் வருடம் முதலில் போட்ட தட்டில் அறுபது விதை முளைத்து, இரண்டே நாளில் நாற்பதுக்கு மேல் சாய்ந்துவிட்டது. மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு நூல் போல இறுகி, மேலே இலை பச்சையாக இருக்கும்போதே படுத்துவிடும். நாற்றழுகல் நோய். நெருக்கமாக விதைத்து, சாயங்காலம் தண்ணீர் தெளித்து, காற்றில்லாத மூலையில் வைத்தால் இது வராமல் என்ன செய்யும். இப்போது நான் செய்வது: கோகோபீட் எனும் தேங்காய் நார்த்தூள் கட்டியை ஊறவைத்து மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்துவிடுவேன், அதில் உப்பு இருக்கும். அதோடு சம அளவு மண்புழு உரம். அந்த உரத்தில் ஒரு வாரம் முன்பே, அழுகல் நோயை அடக்கும் நன்மைப் பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி கலந்து, ஈரச் சாக்குப் போட்டு நிழலில் மூடி வைத்திருப்பேன். குழித்தட்டில் குழிக்கு இரண்டு விதை, அரை சென்டிமீட்டர் ஆழம், அதற்கு மேல் வேண்டாம். தண்ணீர் காலையில் மட்டும், மேல் மண் வெளுத்தால் மட்டும்.

முளை தெரிந்த அன்றே வெளிச்சத்துக்கு எடுத்துவிட வேண்டும். வெயில் பட்டால் வாடிவிடும் என்று பயந்து நிழலிலேயே வைத்திருந்தபோது நாற்றெல்லாம் ஒல்லியாக நீண்டு வெளிச்சத்தைத் தேடிச் சாய்ந்தது. காலை வெயில் மூன்று நான்கு மணி நேரம் தாராளமாகப் படலாம். அப்படி நீண்டுவிட்ட நாற்றையும் தூக்கிப் போட வேண்டாம், தக்காளித் தண்டில் மண் பட்ட இடமெல்லாம் வேர் விடும், கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்டில் பாதிவரை புதைத்து நடலாம். நல்ல நாற்றையே நான் அப்படித்தான் நடுகிறேன். கத்தரிக்கும் மிளகாய்க்கும் இந்த வேலை வேண்டாம், இது தக்காளிக்கு உள்ள குணம்.

நாற்றுக்குக் கொசுவலை போடச் சொன்னால் பலர் சிரிக்கிறார்கள். எனக்கு இந்தச் செடியில் மிகப் பெரிய இழப்பைக் கொடுத்தது இலைச்சுருட்டு வைரஸ்தான், மழையோ வெயிலோ அந்த அளவுக்குக் கெடுக்கவில்லை. வெள்ளை ஈ கொண்டு வரும். இளம் இலைகள் கிண்ணம் மாதிரி மேல்நோக்கிச் சுருண்டு, சிறுத்து, செடி அப்படியே குட்டையாக நின்றுவிடும், பூத்தாலும் காய்க்காது. நாற்று வயதில் பிடித்துவிட்டால் அந்தச் செடியிடம் எதையும் எதிர்பார்க்க முடியாது. நான்காம் வருடம் ஒரு செடியில் பார்த்தேன். பிடுங்க மனசு வரவில்லை. விதையிலிருந்து வளர்த்தது, வெங்காயத் தோல் ஊறிய தண்ணீர், புளித்த மோர் என்று கேட்டதையெல்லாம் அடித்துப் பார்த்தேன். வைரஸுக்கு மருந்து கிடையாது. மூன்று வாரத்தில் பக்கத்திலிருந்த ஏழு செடிக்கும் போய்விட்டது. அந்த ஏழில் நான் விதைக்கு என்று குறித்து வைத்திருந்த செடியும் ஒன்று. இப்போது விதைத்த நாளிலிருந்து நடவு வரை நெருக்கமான நைலான் வலைக்குள்ளேயே நாற்று இருக்கும், நட்ட பின் நான்கு செடிக்கு ஒரு மஞ்சள் ஒட்டும் அட்டை, வாரம் ஒரு சாயங்காலம் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் அடித்துக் கலந்து இலைக்கு அடியில் படுகிற மாதிரி தெளிப்பு. சந்தேகப்பட்ட செடியை அன்றே பிடுங்கிப் பையில் கட்டி வெளியேற்றிவிடுகிறேன். இதில் இரக்கப்பட்டால் தோட்டம் போய்விடும்.

நட்ட பிறகு வேலை குறைவு. பை ஒன்றே கால் அடி அகலம், அதே ஆழம், செங்கல் மேல் தூக்கி வைத்தது. செம்மண் இரண்டு பங்கு, தொழு உரம் ஒரு பங்கு, கோகோபீட் ஒரு பங்கு, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. பதினைந்து நாளுக்கு ஒருமுறை லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்யா. ஊரில் நாட்டுத் தக்காளியைத் தரையில் படரவிட்டுவிடுவார்கள், மாடியில் அப்படி விட்டால் சிமெண்டுச் சூட்டில் பழம் வெந்துவிடும், அதனால் நட்ட அன்றே சவுக்குக் குச்சி ஊன்றிவிடுகிறேன், பிறகு ஊன்றினால் வேர் அறும். காய்ந்த இலைதழையை நான்கு விரல் கனத்துக்கு மூடாக்காகப் போட்டதில் மட்டும் இரண்டு பிரச்சினை தீர்ந்தது. ஒன்று, மழைத்துளி மண்ணைக் கீழ் இலையில் தெறிக்கவில்லை. இன்னொன்று, காயின் அடிப்பக்கம் கறுத்துக் குழிந்துபோவது நின்றது. அது நோய் இல்லை, காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராததால் வருவது. மண்ணில் சுண்ணாம்பு இருந்தாலும் ஒரு நாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றினால் செடியால் எடுத்துக்கொள்ள முடியாது. முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டுவிட்டு நான் ஒரு மாதம் காத்திருந்தேன், அது மக்கவே பல மாதம் ஆகும். தண்ணீரைச் சீராக்கியதும் சரியாகிவிட்டது.

இன்னொன்று சொல்ல வேண்டும். தக்காளிப் பூவில் மகரந்தம் குழாய் மாதிரியான பைக்குள் இருக்கும், பூ அதிர்ந்தால்தான் கொட்டும். வயலில் காற்றும், பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைக்கும் நீலப்பட்டைத் தேனீ மாதிரியான பூச்சிகளும் அதைச் செய்யும். சுற்றிலும் சுவர் எழுந்த நகரத்து மாடியில் நானே காலை ஒன்பது மணிக்கு மேல் பூக்கொத்தின் காம்பை விரலால் லேசாகச் சுண்டிவிடுகிறேன். பத்து விநாடி வேலை.

அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் மகள் இரண்டு பாக்கெட் விதை கொண்டு வந்து கொடுத்தாள், பிராண்டிவைன் ஒன்று, செரோக்கி பர்ப்பிள் ஒன்று, அங்கே தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்த ரகங்கள். செரோக்கி பர்ப்பிளின் கதை எனக்குப் பிடிக்கும். 1990இல் வட கரோலினாவில் இருந்த கிரெய்க் லெஹூலியர் என்ற தோட்டக்காரருக்கு டென்னசியிலிருந்து ஒருவர் தபாலில் அனுப்பிய பேரில்லாத விதை அது, அவர்தான் வளர்த்துப் பார்த்து அந்தப் பேரை வைத்துப் பிறரிடம் பரப்பினார். அதே ஐப்பசிக் கணக்கில் மூன்று மூன்று செடி வைத்தேன். பிராண்டிவைன் உருளைக்கிழங்கு இலை மாதிரி பெரிய இலையோடு ஆறடிக்கு வளர்ந்தது, அது பூக்கத் தொடங்கும்போதே மாசி, ஒரு காய்கூட நிற்கவில்லை. செரோக்கி பர்ப்பிளில் நான்கு பழம். கருஞ்சிவப்பு, உள்ளே இன்னும் கருப்பு, வெறுமனே உப்புத் தொட்டுச் சாப்பிட அவ்வளவு ருசி, குழம்புக்குப் போட்டால் புளிப்புப் போதவில்லை. ஆசைக்கு ஒரு பை வைக்கலாம், இருக்கிற இடம் முழுக்க வைக்க வேண்டாம் என்றே சொல்வேன். அந்தச் செடிகளுக்கு வேண்டிய நீளமான மிதமான பருவம் திருச்சியில் இல்லை.

கடைசியாக விதை எடுப்பது. இதை அறுவடை முடியும்போது மிச்சமிருக்கும் பழத்தில் செய்யக் கூடாது, நான் இரண்டு வருடம் அப்படித்தான் செய்தேன். கடைசியில் மிஞ்சுவது கடைசியாகக் காய்த்த, நோய் பிடித்த செடியின் பழமாக இருக்கும். செடியைப் பார்த்துத்தான் தேர்வு. இலை சுருளாதது, முதலில் பூத்தது, பழம் வெடிக்காதது என்று மூன்று செடியைப் பொங்கலுக்குள் குறித்து, சிவப்பு நூல் கட்டிவிடுகிறேன். அந்தச் செடிகளின் இரண்டாவது, மூன்றாவது கொத்துப் பழம் விதைக்கு, யார் கேட்டாலும் சமையலுக்குக் கிடையாது. தக்காளி பெரும்பாலும் தன் பூவிலேயே தான் கருவுறும், அதனால் கலப்புப் பயம் குறைவு, ஆனாலும் பக்கத்தில் வேறு ரகம் இருந்தால் விதைக் கொத்து விரிவதற்கு முன் மெல்லிய துணிப்பை கட்டி, பிஞ்சு பிடித்ததும் அவிழ்த்து, காம்பில் நூல் கட்டிவிடுவது நல்லது.

செடியிலேயே நன்றாகக் கனிந்த பழத்தை அறுத்து, விதையைச் சாறோடு கண்ணாடித் தம்ளரில் பிழிந்து, தண்ணீர் ஊற்றாமல் துணியால் மூடி வைக்கிறேன். நம் ஊர்ச் சூட்டுக்கு இரண்டு நாள் போதும், மேலே வெள்ளை ஆடை படர்ந்து புளித்த வாடை வரும். விதையைச் சுற்றி இருக்கும் வழவழப்பு உறைதான் பழத்துக்குள் அது முளைக்காமல் தடுப்பது, அது இப்போது கரைந்திருக்கும். மூன்று நாளைத் தாண்டவிட்டால் விதை உள்ளேயே முளைவிட ஆரம்பித்துவிடும். நிறையத் தண்ணீர் விட்டுக் கலக்கினால் நல்ல விதை அடியில் தங்கும், சொத்தை மிதக்கும். வடிகட்டி எவர்சில்வர் தட்டில் பரப்பி நிழலில் உலர்த்த வேண்டும். காகிதத்தில் பரப்பினால் ஒட்டிக்கொண்டு வராது. ஒரு வாரம் காய்ந்தபின் சலித்த விறகுச் சாம்பலில் புரட்டி, காகிதப் பொட்டலம், ரகம், தேதி, எந்தச் செடி என்று எழுதி, இறுக மூடும் பாட்டிலில். உலர்வாக இருந்தால் நான்கைந்து வருடம் தாங்கும்.

சரியாகக் காயாமல் பாட்டிலில் போட்டு ஒரு வருட விதை மொத்தமும் பூசணம் பிடித்துப் போயிற்று. அந்த வருடம் என்னைக் காப்பாற்றியது எதிர்வீட்டு அக்கா. அதற்கு முந்தின தையில் அவருக்கு ஒரு பழம் கொடுத்திருந்தேன், அவர் அதை ரசத்துக்குப் போடாமல் விதை எடுத்து இரண்டு செடி வைத்திருந்தார். அன்றிலிருந்து எடுக்கிற விதையில் மூன்றில் ஒரு பங்கை மூன்று வீடுகளுக்குக் கொடுத்துவிடுகிறேன்.

போன புரட்டாசியில் சித்தி போன் செய்தார். அவர்கள் வீட்டுப் பின்பக்கம் இடித்துக் கட்டியதில் இரண்டு வருடமாகச் செடி வைக்கவில்லை, பானையில் இருந்த விதையை எலி தின்றுவிட்டது, "ஒங்கிட்ட இருக்கா?" என்றார். நாற்பது விதையை எண்ணிப் பொட்டலம் கட்டி, மேலே 'சிவப்பு நூல், இரண்டாம் செடி' என்று எழுதித் தபாலில் அனுப்பினேன். ஏழாம் நாள் முப்பத்தொன்று முளைத்துவிட்டதாகச் சொன்னார்.